நான்கரைச் சுற்று: மொன்றியலில் ஏழு நாள்

நாள் 1: திங்கள், மார்ச் 18, 2024

நான்கு ஆண்டுகளாகக் கடனாக நின்ற பயணம் இது. 2020 மார்ச்சில் இதே மொன்றியலில், இதே பெல் சென்டர் அரங்கத்தில் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடந்திருக்க வேண்டும். நுழைவுச்சீட்டை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். போட்டி தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, கொரோனாவால் எல்லாம் ரத்து என்று அறிவித்தார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தாளைக் கழற்ற அவள் விடவில்லை. மூலைகள் சுருண்டு, எழுத்து மங்கும்வரை அது கதவிலேயே இருந்தது. இப்போது அவளுக்குப் பதின்மூன்று. பள்ளியில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு, இன்று காலை ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் ரயில் ஏறினோம்.

மொன்றியலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கிங்ஸ்டன் தாண்டும்வரை ஏரி வருவதும் மறைவதுமாக இருந்தது. மகள் வெளியே பார்க்கவில்லை. முன்னால் இருந்த சிறு மேசையில் இரண்டு விரல்களைக் கால்களாக நிறுத்தி ‘ஆக்சல்’ தாவிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆக்சலுக்காக எட்டு மாதமாகப் பாடுபடுகிறாள். இடுப்பின் வலது பக்கத்தில் நீலம் பாரிக்காத வாரம் இல்லை.

ஸ்கேட்டிங்கில் ஆறு வகைத் தாவல்கள். ஐந்து வகைகளில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே எழும்பலாம். ஆக்சலில் மட்டும் முகம் போகும் திசையைப் பார்த்திருக்கும். இடது காலின் வெளி விளிம்பில் முன்னோக்கிச் சென்று, படியேறுவதுபோல் வலது முழங்காலைத் தூக்கி எழும்ப வேண்டும். இறங்குவது எப்போதும்போல் பின்பக்கமாக. அதனால்தான் மற்றத் தாவல்களைவிட அரைச் சுற்று கூடுகிறது. “பின்னால் போகும்போது ஒன்றும் தெரியாது அம்மா. இதில் விழப்போகும் இடம் முன்னாலேயே தெரிகிறது” என்றாள். எட்டு மாதத்தில் அவள் சொன்ன மிகத் துல்லியமான விளக்கம் இதுதான்.

1882இல் வியன்னாவில் நோர்வேக்காரர் ஆக்சல் பால்சன் முதலில் செய்ததால் தாவலுக்கு அவர் பெயர். இரண்டரைச் சுற்றான இரட்டை ஆக்சல் வர 66 ஆண்டுகள் ஆயின: 1948, செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக், அமெரிக்கரான டிக் பட்டன். மூன்றரைச் சுற்றுக்கு மேலும் 30 ஆண்டுகள்: 1978, ஒட்டாவா, கனடாவின் வெர்ன் டெய்லர். நான்கரைச் சுற்றுக்கு இன்னும் 44 ஆண்டுகள். 2022 செப்டம்பரில் நியூயோர்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில், 17 வயது இலியா மாலினின் அதைப் போட்டியில் முடித்தபோது உலகத்தில் வேறு எவரும் அதைச் செய்திருக்கவில்லை. இன்றுவரையும் இல்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஒட்டாவா, மொன்றியலுக்கு மேற்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். லேக் பிளாசிட், தெற்கே ஏறக்குறைய அதே தூரம். மூன்றரையும் நான்கரையும் பிறந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிற ஊருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

நாள் 2: செவ்வாய், மார்ச் 19

பார்க் எக்ஸ்டென்ஷனில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறோம். பார்க் மெட்ரோ நிலையத்தில் நீலத் தடம் பிடித்து, ஜான்-தலோனில் செம்மஞ்சள் தடத்துக்கு மாறி, பொனவெந்தூரில் இறங்கினால் நிலத்தடி நடைவழியாலேயே அரங்கத்தை எட்டிவிடலாம். வெளியே காற்று முகத்தைக் கிழிக்கிறது. உள்ளே எல்லோரும் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இன்று பயிற்சி மட்டும். போட்டியைவிடப் பயிற்சிதான் எனக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னால் மகள் நம்பமாட்டாள். ஆனால் தொழில் தெரிவது இங்கேதான். ஒரே நேரத்தில் ஆறு பேர் பனித்தளத்தில் சுற்றுகிறார்கள். யாருடைய இசை ஒலிக்கிறதோ அவருக்கு மற்றவர்கள் வழிவிடுகிறார்கள். பயிற்சியாளர்கள் விளிம்புத் தடுப்பில் முழங்கை ஊன்றி நிற்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல், கைதுடைக்கும் தாள், பிளேட் உறைகள். உலகச் சாம்பியன்களும் எங்கள் பேட்டைப் பனித்தளத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே சாமான்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

விழுகிறார்கள். ஓயாமல் விழுகிறார்கள். தொலைக்காட்சியில் விழுவது ஒரு விபத்துப்போலத் தெரியும். இங்கே பார்த்தால் அது ஒரு பாடம். சுற்று குறைந்துவிட்டது என்று காற்றிலேயே தெரிந்ததும் உடம்பைத் தளர்த்தி, கையை ஊன்றாமல், இடுப்பின் பக்கவாட்டில் இறங்கி, வந்த வேகத்தோடு சறுக்கிப் போய் எழுந்துவிடுகிறார்கள். பனியை எதிர்த்து நின்றால் எலும்பு முறியும். வேகத்தோடு போனால் உடை நனைவதோடு முடியும்.

முன்வரிசை காலியாக இருந்ததால் இறங்கிப் போய்ப் பனியைக் கிட்ட நின்று பார்த்தோம். பிளேட்டின் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான். அதன் அடிப்பாகம் நடுவில் குழிவாகத் தீட்டப்பட்டிருக்கும்; அதனால் உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று இரண்டு கூர் முனைகள். நேராக நின்றால் இரண்டும் பனியைத் தொடும், இரண்டு கோடு விழும். சாய்ந்து ஒரு விளிம்பில் நின்றால் ஒரே கோடு. ஒரு ஆக்சல் தாவலின் தடத்தை மகள் காட்டினாள். நீளமாக வளைந்து வருகிற ஒற்றைக் கோடு கடைசி ஒரு சாணில் சற்றே அகன்று, அரைவட்டமாகச் சுரண்டி, சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கீறலே இல்லாத வெறும் பனி. நாலைந்து எட்டு தள்ளி, இறங்கிய காலின் கோடு மீண்டும் தொடங்குகிறது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு பனியைச் சமன்செய்யும் வண்டி வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது.

நாள் 3: புதன், மார்ச் 20

பகலில் பெண்கள் ஷார்ட் புரோகிராம், அதாவது முதல் கட்டமான குறு ஆட்டம்; மாலையில் ஜோடிகள். பெல்ஜியத்தின் லோனா ஹென்ட்ரிக்ஸ் முதலிடம். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஜப்பானின் கயோரி சகமோட்டோ நான்காவது. மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைவரை பொறு என்றேன்.

சித்தி விடிய எழும்பி இடியப்பமும் சொதியும் கட்டித் தந்திருந்தார். அரங்கத்துக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்பதால் நிலத்தடி நடைவழியில் ஒரு வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

நாள் 4: வியாழன், மார்ச் 21

ஆண்கள் ஷார்ட் புரோகிராம். 2 நிமிடம் 40 விநாடி, மூன்று தாவல் இடங்கள். இதில் பிழைவிட்டால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. ஐரோப்பியச் சாம்பியனான பிரான்சின் அடாம் சியாவ் ஹிம் ஃபா சறுக்கி 19ஆம் இடத்துக்குப் போய்விட்டார். முதல் 24 பேருக்குத்தான் சனிக்கிழமை வாய்ப்பு. ஜப்பானின் ஷோமா உனோ 107.72 புள்ளிகளுடன் முதலிடம், யூமா ககியாமா 106.35, இலியா 105.97. மூவருக்கும் இடையே இரண்டு புள்ளிகூட இல்லை. நான்கரைச் சுற்றை இலியா இன்று எடுக்கவில்லை. சனிக்கிழமைக்காக வைத்திருக்கிறார்.

எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இடைவேளையில் தன் மனைவியிடம், “இந்தப் பையன் தாவுகிறவன்தான், ஸ்கேட் செய்கிறவன் இல்லை” என்றார். பல வாய்களில் கேட்ட வசனம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. கைவீச்சிலும் முகபாவத்திலும் மட்டும்தான் கலை இருக்கிறது என்று யார் வரையறுத்தது? ஓடிவந்த வேகம் ஒன்றையும் சிந்தவிடாமல் மேலெழுந்து, கைகளை நெஞ்சோடு இறுக்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு விநாடிகூட நிறையாத நேரத்துக்குள் நான்கரை முறை சுழன்று, பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்து இறங்கும்போது இசை அதே தாளத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இது கலை இல்லையென்றால் பரதத்தில் ஒரு தீர்மானத்தைச் சுத்தமாக முடிப்பதும் கலை இல்லை. ஒன்று உண்மை: போன ஆண்டு ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வென்றபோது தாவல்களுக்கு நடுவே அவர் காத்திருப்பதுபோல் இருந்தது. இந்த ஆண்டு அந்த இடைவெளிகள் நிரம்பியிருக்கின்றன. உடம்பின் மேற்பகுதி இசையைக் கேட்கிறது. வயது 19தான்.

இலியாவின் பெற்றோர் இருவரும் உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஸ்கேட் செய்தவர்கள். தாய் தத்தியானா மாலினினா, தந்தை ரோமன் ஸ்கோர்னியாகோவ். பிள்ளை அமெரிக்காவின் வெர்ஜினியாவில் பிறந்தவர். பயிற்சியும் பெற்றோரிடமே. மாலினின் என்பது தாய்வழிப் பெயர். ரஷ்ய மொழியில் ‘மாலினா’ என்றால் ராஸ்பெரிப் பழம். அதனால்தான் பனிக்குக் கிடையாக உடம்பை எறிந்து திருகும் தன் சொந்த அசைவுக்கு ‘ராஸ்பெரி ட்விஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார். தன் பிள்ளை விழுவதை நாள்தோறும் நின்று பார்ப்பதே வேலையாக இருக்கிற ஒரு தாயை எண்ணிப் பார்க்கிறேன். நான் வாரத்துக்கு மூன்று நாள் பார்க்கிறேன். அதற்கே என் கை கோட்டுப் பைக்குள் தானாக மூடிக்கொள்கிறது.

மாலை ஜோடிகள் இறுதிக்குச் சித்தியும் வந்தார். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஸ்கேட்டிங் அரங்கத்துக்குள் வருகிறார். கடைசியாக வந்த கனடிய ஜோடி டியானா ஸ்டெலாட்டோ-டுடெக், மாக்சிம் டெஷாம்ப். இருவரும் பயிற்சி எடுப்பது இங்கே கியூபெக்கில்தான். டியானா 2000ஆம் ஆண்டு ஜூனியர் உலகப் போட்டியில் அமெரிக்காவுக்காகத் தனியாக ஆடி வெள்ளி வென்றவர். பிறகு காயத்தால் விலகி, 16 ஆண்டுகள் பனியைத் தொடாமல் இருந்து திரும்பியவர்.

“பிள்ளை, இந்தப் பெண்ணுக்கு என்ன வயது?” என்று சித்தி கேட்டார்.

“நாற்பது, சித்தி.”

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு பனியைப் பார்த்தார். தங்கம் உறுதியானபோது அரங்கம் இடிந்து விழுவதுபோல் ஆரவாரித்தது. ஸ்கேட்டிங் வரலாற்றில் இந்த வயதில் எந்தப் பெண்ணும் உலகப் பட்டம் வென்றதில்லை. மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் சித்தி ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “பதினாறு வருஷம்” என்றார்.

நாள் 5: வெள்ளி, மார்ச் 22

சகமோட்டோ நான்காம் இடத்திலிருந்து ஏறித் தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தங்கம். 1966 முதல் 1968 வரை அமெரிக்காவின் பெகி ஃபிளெமிங் வென்றபின் எந்தப் பெண்ணும் இதைச் செய்ததில்லை. மகள் தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். வேறு எழுத இன்று தெம்பில்லை.

நாள் 6: சனி, மார்ச் 23

பகலில் ஐஸ் டான்ஸ். அமெரிக்காவின் சொக்-பேட்ஸ் ஜோடிக்குத் தங்கம், எங்கள் கில்ஸ்-பொய்ரியேவுக்கு வெள்ளி. மாலை ஆறு மணிக்கு ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட், இரண்டாம் கட்டமான நீள் ஆட்டம். இரண்டு கட்டப் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு.

தொடங்குவதற்கு முன் மகளுக்குக் கணக்குச் சொன்னேன். நான்கு சுற்று லட்ஸ் தாவலின் அடிப்படை மதிப்பு 11.50. நான்கரைச் சுற்று ஆக்சலுக்கு 12.50. ஒரே ஒரு புள்ளிதான் கூட! மூன்றரைச் சுற்று ஆக்சலைப் பத்திரமாகச் செய்தால் 8 புள்ளி உறுதி. நான்கரையில் விழுந்தால் தரத்துக்கான கழிவில் அடிப்படை மதிப்பின் பாதி போய், விழுந்ததற்கு ஒன்றும் கழிந்து, கையில் மிஞ்சுவது 5.25. புள்ளிக்காக மட்டும் ஆடுகிற ஒருவர் இந்தத் தாவலைத் தொடவே மாட்டார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யு, இரண்டு தங்கம் வைத்திருந்தவர், பதக்கம் போனாலும் போகட்டும் என்று இதை முயன்று விழுந்து நான்காவதாக வந்தார். அவர் விழுந்த அதே ஆண்டில்தான் இலியா முடித்தார். முந்தியவர் விழுந்து காட்டிய பாதை அது.

முதல் குழுவிலேயே சியாவ் ஹிம் ஃபா வந்தார். 19ஆம் இடத்தில் இருப்பவருக்கு இழக்க எதுவுமில்லை. தாவல்களை எல்லாம் அடுக்கிவிட்டு, தடைசெய்யப்பட்ட பின்புறக் குட்டிக்கரணம் ஒன்றையும் அடித்தார். 1970களிலிருந்து தடையில் இருந்தது அது. இரண்டு புள்ளி கழிக்கப்படும் என்று தெரிந்தே அடித்தார். 206.90. அதன்பின் மணிக்கணக்காக ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் குழு. ஆறு நிமிட வெள்ளோட்டம். பிறகு ஒவ்வொருவராக.

இலியா தடுப்பை விட்டு நடுவுக்குப் போனபோது மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முதல் தாவலே ஆக்சல். நீளமான பின்னோட்டம், குறுக்கெட்டுகள், பிறகு தோளைத் திருப்பி இடது காலுக்கு மாறுகிற அந்த ஒரு கணம். பல்லாயிரம் பேர் இருக்கும் அரங்கத்தில் பிளேட் பனியை உரசும் ஓசை கேட்டது. எழும்பினார். கண்ணால் சுற்றை எண்ண முடியாது; ஒரு மங்கல்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மற்றவர்கள் இறங்க ஆயத்தமாகும் நேரத்தில் இவர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தார். ‘டக்’ என்று ஒரு சிறிய, தடித்த ஓசை. வலது கால், பின்பக்க வெளி விளிம்பு, முழங்கால் மடிந்து நிமிர்ந்தது. சறுக்கிக்கொண்டே வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

மகள் பிடியை விடாமல் மறுகையின் விரல்களில் எண்ணினாள். ஆக்சல். லட்ஸ். லூப். இந்த நான்கு சுற்று லூப்பை உலகில் முதன்முதலில் போட்டியில் ஹன்யு முடித்தது 2016இல் இதே மொன்றியலில். பிறகு சால்காவ். மீண்டும் லட்ஸ், அதன் வாலில் மூன்று சுற்று ஃபிளிப். இங்கே ஒரு கை முடிந்துவிட்டது. பிறகு டோ லூப், இணைப்பாக இன்னொரு டோ லூப். ஏழு தாவல் இடங்களில் ஆறில் நான்கு சுற்று. ஏழாவது, மூன்று சுற்று லட்ஸை ஒட்டி மூன்றரைச் சுற்று ஆக்சல். நாலு நிமிடம் ஓடிக் களைத்த காலில், தொடங்கிய தாவலிலேயே முடிக்கிறார்! அதைத் தாவும்போதே அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. முடிவில் வந்த சுழல்களை நான் முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு நடுவேதான் பார்த்தேன்.

227.79. 2019இல் அமெரிக்காவின் நேத்தன் சென் எடுத்த 224.92தான் இதுவரை ஃப்ரீ ஸ்கேட்டில் உலகச் சாதனை. மொத்தம் 333.76. இரண்டாவதாக வந்த ககியாமா அருமையாக ஆடி 309.65 எடுத்தும் 24 புள்ளி பின்னால். வெண்கலம் சியாவ் ஹிம் ஃபாவுக்கு. 19ஆம் இடத்திலிருந்து மேடைக்கு! முதலில் நின்ற உனோ நான்காவது.

சில வாரங்களுக்கு முன் காயத்தால் இந்தப் போட்டிக்கு வருவதா வேண்டாமா என்றுகூட யோசித்ததாக இலியா சொல்லியிருக்கிறார். 2022இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் வெள்ளி வென்றும் பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் இவரைச் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் லேக் பிளாசிட்.

பின்வரிசைப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் இரவு வீடு வரும்வரை இருந்தது.

நாள் 7: ஞாயிறு, மார்ச் 24

பகலில் நடக்கும் காட்சி நிகழ்ச்சிக்கு நாங்கள் சீட்டு எடுக்கவில்லை. சித்தியிடம் விடைபெற்று, பெட்டிகளோடு பொனவெந்தூரில் இறங்கினோம். அரங்கத்துக்குக் கிட்டவே, லா கோஷ்ட்டியேர் வீதியில் ஆயிரமாம் இலக்கக் கோபுரத்துக்குள், கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு பொதுப் பனித்தளம் இருக்கிறது. மகள் தன் ஸ்கேட்டைப் பையில் கொண்டுவந்ததே இதற்காக.

குழந்தைகளும் பெரியவர்களும் நிறைந்த நேரம் என்பதால் தாவக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். முகம் கோணவில்லை. கயிற்றை இறுக்கி, இரண்டு தரம் சுற்றி வந்து, ஆள் குறைந்த மூலைக்குப் போனாள். பின்னோட்டம். தோளைத் திருப்பினாள். இடது கால், முன்னோக்கி, வெளி விளிம்பு. எழும்பவேண்டிய இடம் வந்தது. எழும்பவில்லை. முழங்காலை மடித்தபடி அந்த விளிம்பிலேயே தொடர்ந்து போனாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் கண் பனிக்குத் தாழ்ந்துவிடும். பயிற்சியாளர் எட்டு மாதமாகச் சொல்லும் குறை அது. இன்று தாழவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே வளைந்தாள்.

நின்றதும் திரும்பி வந்து, குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் தடத்தை விரலால் தொட்டுத் தேடினாள். நானும் தடுப்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு கோடு. ஒரு முழம் தள்ளி ஒன்றாகியிருந்தது. வளைவின் கடைசிவரை ஒன்றாகவே போயிருந்தது.

“அம்மா, ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?”

“ஒன்றரை மணி நேரம், பிள்ளை.”

கையுறையை என்னிடம் எறிந்துவிட்டு மீண்டும் அந்த மூலைக்குப் போய்விட்டாள்.